கரையில் கால் வைக்க முடியாத கூலிகள்

சென்ற மாதம் கோவைப் பக்கத்தில் ஒரு பஞ்சாலை வாசல். பகல் ஷிப்டு முடிந்து தொழிலாளர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கூலி உயர்வுக் கோரிக்கை நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஸ்பின்னிங்கில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஒரு தோழர் நோட்டீஸை வாங்கினார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்:

"தோழரே, கூலி உயர்வெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல இந்த வெளியாளுகளைத் தாட்டி விடோணும். அவங்க வந்துதானுங்க எங்க கூலி கெட்டுப் போச்சு."

அவர் கை காட்டிய இடத்தில் ஆலை விடுதியின் கம்பிக் கதவு. அதற்குப் பின்னால் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் பத்துப் பேர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷிப்டு முடிந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் வாசலைத் தாண்டி டீ குடிக்க வர அவர்களுக்கு அனுமதி இல்லை.

அந்தத் தோழருடன் டீக்கடையில் நின்று கால் மணி நேரம் பேசினேன். அவருக்குத் திருப்தி இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. கூலி கெட்டுப் போனது என்று அவர் சொன்னது பொய்யல்ல. அதற்குக் காரணம் யார் என்பதில்தான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம். அதை டீக்கடையில் தெளிவாகச் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தப் பத்திரிகையில் சொல்லிப் பார்க்கிறேன்.

இதே கம்பிக் கதவு பல ஆயிரம் மைலுக்கு அப்பால் பசிபிக் மகா சமுத்திரத்தில் நிற்கிறது. அங்கே கதவுக்குக் கம்பி இல்லை, தண்ணீர்தான் கதவு. அதைப் பார்த்துவிட்டு நம் ஆலை வாசலுக்குத் திரும்புவோம்.

ஹானலூலு துறைமுகத்தில்

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளின் தலைநகர் ஹானலூலு. அங்கே விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும். ஆழ்கடல் சூரையும் வாள்மீனும் தரையில் வரிசையாகக் கிடக்கும். ஒரு பெரிய சூரை மீன் ஆயிரம் டாலருக்கு மேல் போவதுண்டு. பெரிய ஓட்டல்களுக்கும் பணக்காரர் கடைகளுக்கும் அங்கிருந்து மீன் போகிறது. வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் புரளும் தொழில் அது.

மைல் கணக்கில் நீளும் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டிக் கடலில் விட்டு இந்த மீனைப் பிடிக்கிறார்கள். வாரக் கணக்கில் நடுக்கடலில் வேலை. அலையடிக்கும் மேல்தட்டு, கூரான தூண்டில், ஆள் கனம் உள்ள மீன். இந்த வேலையைச் செய்கிறவன் யார்?

2016 செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனம் இதை விசாரித்து வெளியிட்டது. சுமார் 140 படகுகளில் சுமார் 700 அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள். இந்தோனேஷியா, வியத்நாம், பிலிப்பைன்ஸ், கிரிபாத்தி என்ற சின்னஞ்சிறு தீவு நாடு ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகள். சிலருக்குக் கிடைத்த கூலி மணிக்கு 70 செண்டு. அந்த வருஷம் ஹவாயில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு எட்டரை டாலர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கரையில் தட்டுக் கழுவும் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் வாங்கும் கூலியை வாங்க, கடலில் மீன் பிடிப்பவன் பன்னிரண்டு மணி நேரம் பாடுபட வேண்டும். நாளைக்கு இருபது மணி நேரம் வரை வேலை வாங்கிய படகுகளும் உண்டு. படுக்கையில் மூட்டைப் பூச்சி. சில படகுகளில் ஒழுங்கான கழிப்பறைகூடக் கிடையாது.

இவ்வளவும் கொடுமைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் வேராக உள்ள கொடுமை வேறு. படகு துறைமுகத்தில் வந்து கட்டி நிற்கும். பத்தடி தூரத்தில் அமெரிக்க மண். அந்த மண்ணில் இவர்கள் கால் வைக்கக் கூடாது! சரக்கு இறக்கலாம், படகைக் கழுவலாம், வலை கயிறு செப்பனிடலாம். தெருவில் நடக்கக் கூடாது. அவர்கள் பாஸ்போர்ட் கப்பித்தான் கையில். அப்படிக் கப்பித்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு.

சட்டம் செய்த வேலை

"அப்படியானால் இது சட்டவிரோதமாக நடக்கிற காரியம்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை தோழர்களே! எல்லாம் சட்டப்படியே நடக்கிறது.

அமெரிக்க மீன்பிடிப் படகுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அந்நாட்டு ஆட்களாக இருக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு சட்டம் உண்டு. அதில் ஒரு சந்து வைத்தார்கள். தூரக் கடலில் சூரை போன்ற ஓடு மீன்களைப் பிடிக்கும் படகுகளுக்கு இந்த நிபந்தனை கிடையாது. கப்பித்தான் அமெரிக்கனாக இருந்தால் போதும், மற்றவர்களை எங்கிருந்தும் கொண்டுவரலாம். ஹவாய்த் தொழிலைக் காக்க என்று சொல்லி, செல்வாக்கு மிக்க அரசியல்வாதிகள் செய்து கொடுத்த சலுகை இது.

இது ஒரு கை. இன்னொரு கை, குடியேற்றச் சட்டம். அந்நியக் கப்பலில் வரும் மாலுமிக்கு, துறைமுகத்தில் சில நாள் கரை இறங்க அனுமதிச் சீட்டு கிடைக்கும். அமெரிக்கத் துறைமுகத்தையே தாய்த் துறைமுகமாகக் கொண்ட மீன்பிடிப் படகில் வேலை செய்பவனுக்கு அது கிடையாது. ஆகவே அவன் விமானத்தில் ஹானலூலுவில் வந்து இறங்க முடியாது. வேறிடத்தில் படகேறிக் கடல் வழியேதான் வர வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சட்டம் "அவனை வேலைக்கு வைத்துக்கொள்" என்கிறது. இன்னொரு சட்டம் "அவன் இந்த நாட்டிலேயே இல்லை" என்கிறது. உழைப்பு நாட்டுக்குள் வரலாம், உழைப்பாளி வரக் கூடாது! கட்டாய வேலை வாங்குவதற்காக ஒருவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது அமெரிக்கச் சட்டத்திலேயே பெரிய குற்றம். இந்தப் படகுகளிலோ அதே பாஸ்போர்ட்டைக் கப்பித்தான் வாங்கி வைத்துக்கொள்வது கடமையாகிவிட்டது.

செய்தி வெளியானதும் பரபரப்பு ஏற்பட்டது. பெரிய கடைக்காரர்கள் சிலர் மீன் வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். படகு முதலாளிகளின் சங்கம் ஒரு மாதிரி ஒப்பந்தப் பத்திரம் தயாரித்தது. பத்திரம் இருப்பது நல்லதுதான். ஆனால் கரையில் கால் வைக்கும் உரிமையை எந்த முதலாளியும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பூட்டு சட்டத்தில் இருக்கிறது. சாவியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அவன் இஷ்டப்பட்டுத்தானே வந்தான்?

முதலாளிகள் இரண்டு சமாதானம் சொல்வார்கள். இரண்டையும் நம் ஊரில் கேட்டுப் பழகியவர்கள் நாம்.

முதல் சமாதானம்: "அவன் இஷ்டப்பட்டு வந்தான். அவன் ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம் கிடைக்கிறது."

இதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வோம். ஊரில் வயிற்றுக்கு இல்லாதவன்தான் கடல் கடந்து வருகிறான். அந்தப் பணத்தில் வீடு கட்டியவன் உண்டு, தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் உண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடியும் கையெழுத்துப் போட்டு வந்தவனும் உண்டு. நம் பாட்டன்மாரும் இப்படித்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். கங்காணி முன்பணம் கொடுத்தான். ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே தலைமேல் கடன் ஏறியிருந்தது. இன்று கங்காணி இருந்த இடத்தில் ஏஜெண்டு இருக்கிறான். முன்பணத்துக்குப் பதிலாகக் கமிஷன், பிடித்தம், ஜாமீன் தொகை என்று பேர் மாறியிருக்கிறது.

அவன் இஷ்டப்பட்டு வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். இஷ்டப்பட்டுப் போக முடிகிறதா? அதுதான் கேள்வி. தொழிலாளியிடம் உள்ள ஒரே ஆயுதம், "இந்தக் கூலிக்கு நான் வேலை செய்ய மாட்டேன்" என்று சொல்லி வெளியே நடக்கும் உரிமை. வேலை நிறுத்தத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. வெளியே நடக்க இடமில்லாதவன் எப்படி வேலை நிறுத்தம் செய்வான்? படகை விட்டு இறங்கினால் அவன் குற்றவாளி. 2010-ல் இப்படி ஒரு ஹவாய்ப் படகு சான்பிரான்சிஸ்கோவில் நின்றபோது இரண்டு இந்தோனேஷியத் தொழிலாளர்கள் தப்பி ஓடினார்கள். படகு முதலாளி மீது அவர்கள் தொடுத்த வழக்கு 2018-ல்தான் சமரசமாக முடிந்தது. ஓடிய நாளிலிருந்து எட்டு வருஷம்!

பஞ்சாலைத் தோழர்களே, "சுமங்கலித் திட்டம்" ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, நம் கிராமத்துப் பெண் பிள்ளைகளை ஆலை விடுதியில் அடைத்து வைத்தார்களே! அவர்களும் இஷ்டப்பட்டுத்தான் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே போகத்தான் முடியவில்லை.

உள்ளூர் ஆள் வருவதில்லையா?

இரண்டாவது சமாதானம்: "உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வருவதில்லை. நாங்கள் என்ன செய்வது?"

இதற்குத் தாய்லாந்தைப் பாருங்கள். 1989 நவம்பரில் "கே" என்ற புயல் தாய்லாந்து வளைகுடாவில் அடித்தது. மீன்பிடிப் படகுகள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்நாட்டு ஏழைகள் கடல் வேலைக்குப் போகத் தயங்கினார்கள். உயிருக்குப் பாதுகாப்பும் உழைப்புக்குத் தகுந்த கூலியும் கொடுத்து அவர்களை அழைத்திருக்கலாம். முதலாளிகளுக்கு அதைவிட மலிவான வழி கிடைத்தது. பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் பஞ்சைகளை ஏஜெண்டுகள் மூலம் இறக்கினார்கள்.

எங்கே போய் முடிந்தது? 2015-ல் இந்தோனேஷியாவின் பெஞ்சினா என்ற தீவில், தாய்லாந்துப் படகுகளின் தொழிலாளர்கள் கூண்டில் பூட்டப்பட்டுக் கிடந்ததை அதே செய்தி ஸ்தாபனம் உலகத்துக்குக் காட்டியது. பெரும்பாலோர் பர்மாக்காரர்கள். அவர்கள் பிடித்த மீன் அமெரிக்கக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த அம்பலத்தால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலையானார்கள். ஐரோப்பியர்கள் 2015 ஏப்ரலில் தாய்லாந்து மீனுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். வியாபாரம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் சர்க்கார் அசைந்தது.

அங்கேயும் சட்டத்தின் தந்திரம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் 1975-ம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டப்படி, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை அந்நாட்டுப் பிரஜைக்குத்தான். அந்நியத் தொழிலாளி மற்றவர் அமைத்த சங்கத்தில் சேரலாம். தானே சங்கம் அமைக்க முடியாது. மீன்பிடிப் படகிலோ வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அந்நியர்கள். அப்படியானால் சங்கம் யார் அமைப்பது? மீனா?

"உள்ளூர் ஆள் வருவதில்லை" என்று முதலாளி சொன்னால், "நீ கொடுக்கும் கூலிக்கு, நீ நடத்தும் விதத்துக்கு வருவதில்லை" என்று அந்த வாக்கியத்தை முடித்துப் படியுங்கள்.

நம் ஆளும் அந்தப் படகில் இருக்கிறான்

இதெல்லாம் யாரோ அந்நியர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி, ராமநாதபுரம் ஜில்லாக்களின் மீனவர்கள் வெகுகாலமாக வளைகுடா நாடுகளின் படகுகளில் கூலிக்குப் போகிறார்கள். அங்கே "கஃபாலா" என்ற முறை. உள்நாட்டுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றால்தான் அந்நியன் அங்கே தங்கலாம், வேலை செய்யலாம். பொறுப்பேற்றவர் முகம் கோணினால் வேலையும் போயிற்று, தங்கும் உரிமையும் போயிற்று.

2012 ஜூலையில் துபாய்க்கு அருகே ஒரு மீன்பிடிப் படகின் மேல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டது. செத்தவர் ராமநாதபுரம் ஜில்லாக்காரர். தமிழ்நாட்டு மீனவர்கள் மூன்று பேர் காயமடைந்தார்கள். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது ஈரான் துறைமுகங்களில் நம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாதக் கணக்காகத் தவித்தார்கள். கடைசியில் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

அவர்களைப் பார்த்து அங்குள்ள தொழிலாளி, "இந்தத் தமிழனைத் தாட்டிவிட்டால் நம் கூலி உயரும்" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்படித் துரத்தினாலும் கூலி உயராது. ஹவாய்ப் படகில் நாலு நாட்டு ஆட்கள் இருப்பதைப் பாருங்கள். இந்தோனேஷியனை அனுப்பிவிட்டால் வியத்நாமியன் வருவான். அவனையும் அனுப்பினால் அதைவிட ஏழை நாட்டுக்காரன் வருவான். ஆள் மாறுவான், சங்கிலி மாறாது. கூலியைக் கெடுப்பது அந்தச் சங்கிலி.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960-களில் கீழத் தஞ்சையில் கூடுதல் நெல் கேட்டபோது மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கவில்லையா? வந்தவனும் நம்மைப் போலக் கூலிதான். அவனிடம் போய்ப் பேசி அவனையும் சேர்த்துக்கொண்ட இடத்தில்தான் மிராசுதாரின் சூழ்ச்சி பலிக்காமல் போகும்.

வென்று காட்டியவர்கள்

இப்படிப் பேசினால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நியூஜிலாந்து பதில் சொல்லும்.

அந்நாட்டுக் கடலில் அந்நிய நாட்டுக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி மீன் பிடித்தார்கள். கப்பல் தென்கொரியாவுடையது, தொழிலாளி இந்தோனேஷியன். நியூஜிலாந்துக் கூலி கொடுக்க வேண்டும் என்று காகிதத்தில் விதி இருந்தது. கப்பலில் கொரியக் கொடி பறந்ததால் விதி தட்டுக்கு மேலே ஏறவில்லை. 2010 ஆகஸ்டில் ஓயாங் 70 என்ற கப்பல் மூழ்கியது. ஆறு பேர் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூனில், அதே கம்பெனியின் ஓயாங் 75 லிட்டெல்டன் துறைமுகத்தில் நின்றபோது, இந்தோனேஷியத் தொழிலாளர்கள் 32 பேர் ஒன்றாகக் கப்பலை விட்டு இறங்கினார்கள். அடி உதை, வேலைக் கொடுமை, கொடுக்காத கூலி எல்லாவற்றையும் வெளியே சொன்னார்கள். ஊர் ஜனங்கள் ஆதரவு தந்தார்கள்.

சர்க்கார் விசாரணை வைக்க வேண்டி வந்தது. 2014-ல் சட்டம் வந்தது. 2016 மே 1 முதல், நியூஜிலாந்துக் கடலில் மீன் பிடிக்கும் கப்பல் நியூஜிலாந்துக் கொடியுடன்தான் ஓட வேண்டும். கொடி மாறியதும் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டமும் கப்பலில் ஏறியது. மே முதல் தேதி, கவனியுங்கள்!

அந்த 32 பேர் வெல்ல முடிந்ததற்குக் காரணம் என்ன? சேர்ந்து இறங்கினார்கள். இறங்கக் கரை இருந்தது. கரையில் நின்றவர்கள் "அந்நியனே, திரும்பிப் போ" என்று சொல்லவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2007-ல் மீன்பிடித் தொழிலுக்காக 188-ம் நம்பர் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. 2017 நவம்பர் 16 முதல் அது அமலில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஆள் பிடிக்கும் கமிஷனைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஊர் திரும்பும் செலவுக்கு வழி இருக்க வேண்டும். ஆசியாவில் முதலாவதாக 2019 ஜனவரியில் தாய்லாந்தே இதில் கையெழுத்திட்டது. அமெரிக்காவும் இந்தியாவும் 2024 வரையில் இதை ஏற்கவில்லை. வளைகுடாவுக்கு மீனவர்களை அனுப்பும் நம் சர்க்கார், முதலில் இதை ஏற்றுக்கொண்டல்லவா மற்ற நாடுகளைக் கேட்க வேண்டும்!

மீண்டும் ஆலை வாசலில்

இப்போது நம் ஸ்பின்னிங் தோழருக்குப் பதில் சொல்கிறேன்.

தோழரே, உங்கள் கூலி கெட்டது உண்மை. கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் பையனால் அது கெடவில்லை. கம்பிக் கதவால் கெட்டது. அவன் வெளியே வர முடியாத வரை, முதலாளி என்ன கொடுத்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். அவன் வாங்குகிற கூலியைக் காட்டி நாளைக்கு உங்கள் கூலியைப் பேசுவான் முதலாளி. அவனைத் துரத்தினால் அந்தக் கதவு அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் வேறொருவன் வந்து நிற்பான். கதவைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வழி பிறக்கும்.

ஆகவே நம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரே வேலைக்கு ஒரே கூலி, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி. ஷிப்டு முடிந்தால் எவரும் தாராளமாக வெளியே போய் வரலாம். ஆதார் அட்டையோ வேறு பத்திரமோ நிர்வாகம் வாங்கி வைக்கக் கூடாது. ஏஜெண்டு கமிஷனைக் கூலியில் பிடிக்கக் கூடாது. சங்கத்தில் சேர எல்லோருக்கும் ஒரே சந்தா, ஒரே உரிமை.

இது தர்ம காரியமல்ல. அவனுக்குச் செய்யும் உபகாரமும் அல்ல. நம் கூலியைக் காப்பாற்றிக்கொள்ள நமக்குள்ள வழி இதுதான்.

அடுத்த வாரம் நோட்டீஸை ஒடியா மொழியிலும் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். வாசல் வரைக்கும்தான் என்னால் வர முடியும். கம்பிக் கதவுக்கு உள்ளே அதைக் கொண்டுபோய் அந்தப் பையன்கள் கையில் கொடுக்க வேண்டியது, பக்கத்து மெஷினில் நிற்கும் நீங்கள்தான்.